பல்மனாலஜிக்கு மூன்றாவது மாடி

நீளமான இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது கோபமில்லை, பயம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கோபம்தான். ஒரு வார்த்தை பாதி வரியை அடைத்துக்கொண்டு, மூச்சுவிட இடமில்லாமல் எழுத்தாக நெருக்கிக்கொண்டு நின்றால் அது மரியாதையான வார்த்தையா? இப்படி நினைத்துக்கொண்டுதான் நாற்பத்தாறு வயதுவரை காலம் தள்ளினேன். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். சின்ன வார்த்தைகள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பஸ் போர்டு, பிஸ்கட் பாக்கெட், கரண்ட் பில் எல்லாம் வாசிப்பேன். எட்டு எழுத்தைத் தாண்டியதும் கண் தானாக அடுத்த வரிக்குப் போய்விடும்.

வீடு சாம்பியன் ரீப்ஸில், பழைய தங்கச் சுரங்க லைன் வீடுகளில் ஒன்று. வேலை பெங்களூரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்ப வேண்டும். பன்னிரண்டு வருஷம் அங்கே தரை துடைத்தேன். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு சுருண்டு பச்சையாக எழும்பிவிட்டது. சாயங்காலம் ஆனால் கால் என்னுடையது மாதிரியே இருக்காது. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் போகிற போக்கில் பார்த்துவிட்டு, நின்று செய்கிற வேலையை விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டு என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கு அவரிடம் மருந்து இல்லை.

அந்தச் சமயத்தில்தான் வாசல் ஹெல்ப் டெஸ்க்கில் ஒரு இடம் காலியானது. உள்ளே வருகிறவர்களுக்கு எந்த டிபார்ட்மெண்ட் எந்த மாடி என்று சொல்கிற வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுகிற ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் அது ஒரு தகுதியே இல்லை, தெருநாய்க்குக்கூட மூன்று பாஷையில் அதட்டினால் புரியும். நான் போய் நின்றேன்.

சூப்பர்வைசர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். மைசூர்ப் பக்கத்துப் பெண். கன்னடத்தில் அளந்து அளந்து பேசுவார், சிரிப்பை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருவார். இரண்டு பக்கம் நிறைய டிபார்ட்மெண்ட் பெயர்கள் அச்சடித்த தாள் ஒன்றை என் கையில் கொடுத்தார். ஒரு மாதத்தில் இதைத் தடுமாறாமல் வாசித்துக் காட்ட வேண்டும். காட்டினால் ஒரு வாரம் டெஸ்க்கில் உட்கார வைத்துப் பார்ப்பார். அதுவும் சரியாக வந்தால் நாற்காலி எனக்கு. வராவிட்டால் பழையபடி மாப்பு. மாப்பு என்றால் இந்தக் கால் இன்னும் ஆறு மாதம்கூடத் தாங்காது, அப்புறம் வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தாளைப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட எட்டு எழுத்துக்குள் இல்லை.

அன்று மாலை ரயிலில் அந்தத் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். பங்காருபேட்டையில் இறங்குகிற சிநேகிதி ஒருத்தி எனக்கு உண்டு. வேறொரு ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி டைப் செய்கிறவள். அவளுக்கு வீட்டில் தெலுங்கு, என்னோடு தமிழ், போனில் கன்னடம், கீபோர்டில் இங்கிலீஷ். என்னைவிட நாலைந்து வயது குறைவு, வாய் மட்டும் நாலு மடங்கு. அவரைக்காய் சீசன் என்பதால் மடியில் பை வைத்துப் பருப்பு பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, பேப்பரை இப்பிடி மொறைச்சிகினு கீற? அது உன்னை இன்னா பண்ணிச்சி?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு எனக்கு இன்றுவரை உதவுகிற ஒரு பேச்சுப் பேசினாள்.

"இத முழுசா முழுங்கப் பாக்குற நீ. அதான் அடைக்குது. ரெண்டு தரம் வெட்டணும்க்கா. மொதல்ல வாய்க்கு. அப்பால புத்திக்கு."

வாய்க்கு வெட்டுவது சுலபமாக இருந்தது. உள்ளங்கையை முகவாய்க்கட்டைக்குக் கீழே வைத்துக்கொண்டு வார்த்தையை மெதுவாகச் சொல்ல வேண்டும். தாடை எத்தனை தரம் கீழே இறங்கிக் கையைத் தொடுகிறதோ அத்தனை துண்டு. அந்த இடங்களில் பென்சிலால் ஒரு கோடு. கார், டி, யா, ல, ஜி. ஐந்து துண்டு. நெஃப், ரா, ல, ஜி. நாலு. அவள் பருப்பு பிதுக்க, நான் தாடையைப் பிடித்துக்கொண்டு முனகுவேன். மூன்றாவது நாள் எதிர் சீட்டில் வந்த மாலூர்க்காரர் ஒருவர், பல்வலிக்குக் கிராம்பு வையுங்கள் என்றார். என் சிநேகிதி சிரித்த சிரிப்பில் பருப்பெல்லாம் கீழே கொட்டிவிட்டது. இரண்டு பேரும் சீட்டுக்கடியில் குனிந்து பொறுக்கினோம்.

இப்படி வெட்டியதில் எனக்கு ஒரு அவமானமும் நடந்தது. எங்கள் தாள் போதாதென்று அவள் தன் வேலையிலிருந்து வார்த்தைகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வருவாள். ஒரு நாள் ஒன்று மிக நீளமாக இருந்தது. பார்த்ததும் இது என்னால் ஆகாது என்றேன். "வெட்டு, வெட்டு" என்றாள். வெட்டினேன். வென், டி, லே, ஷன். சேர்த்துச் சொன்னதும் எனக்கு முகம் சிவந்துவிட்டது. வென்டிலேஷன்! என் அப்பா சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர். சமையல்கட்டில் புகை சூழ்ந்தால் போதும், "இன்னாடி இது, வென்டிலேஷனே இல்ல" என்று அம்மாவைக் கத்துவார். நடக்கத் தெரிவதற்கு முன்பே நான் கேட்ட வார்த்தை அது. எங்கள் ஊரில் எல்லோர் வீட்டிலும் இதே கதைதான். ஷாஃப்ட், எக்ஸ்ப்ளோசிவ், அண்டர்கிரவுண்ட், டிபார்ட்மெண்ட் என்று இங்கிலீஷில்தான் சண்டையே போடுவோம். காகிதத்தில் பார்த்தால் மட்டும் யாரோ அன்னியர் மாதிரி ஒதுங்குவோம். வாயில் வளர்ந்த பிள்ளையைத் தெருவில் பார்த்து யார் என்று கேட்டிருக்கிறேன்.

புத்திக்கு வெட்டுவது வேறு. அதற்கு வாலைப் பிடிக்க வேண்டும் என்பாள். வாலில் லஜி வந்தால் அது ஒரு படிப்பு. ஐடிஸ் வந்தால் எங்கோ வீங்கிப் புண்ணாகியிருக்கிறது. எக்டமி வந்தால் எதையோ அறுத்து எடுக்கப் போகிறார்கள், கும்பிடு போட்டுக்கொள். வால் தெரிந்தபின் தலையைப் பார். கார்டியோ இருதயம். நெஃப்ரோ சிறுநீரகம். டெர்மா தோல். கேஸ்ட்ரோ இரைப்பை, அதன் பின்னாலேயே என்டரோ வந்தால் குடல். இந்தப் பத்துப் பதினைந்து தலையும் ஏழெட்டு வாலும்தான் மாறி மாறி ஒட்டிக்கொண்டு ஊரை ஏமாற்றுகின்றன. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். இத்தனை வருஷம் யாரைப் பார்த்துக் கோபப்பட்டேனோ அவர்களுடைய குட்டு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று போர்டை வெட்டினேன். அந்த மாதம் சில கதவுகளின் வாசல் மட்டும் பளபளவென்று இருந்திருக்கும்.

தாளின் இரண்டாம் பக்கத்தில் ஒரு பெயர் வந்தது. பல், ம, னா, ல, ஜி. லஜி தெரியும். பல் என்றால் பல்லா என்று கேட்டேன். அவள் சிரிக்காமல் சொன்னாள், "பல்மோன்னா நொரையீரல்க்கா. லங்ஸ் டாக்டரு."

தாளை மடித்து வைத்துவிட்டேன். என் அப்பா இருமி இருமியே போனவர். சுரங்கத் தூசி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும், யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. பெங்களூருக்கு அழைத்து வந்து ஒரு ஆஸ்பத்திரியில் இப்படித்தான் போர்டுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன். கடைசியில் ஜுரத்துக்குப் பார்க்கிற டாக்டரிடம் சீட்டு வாங்கினேன். அந்தப் போர்டில் இந்த வார்த்தை இருந்திருக்கும். நீளமாக இருந்ததால் என் கண் தாண்டிப் போயிருக்கும். அன்றிலிருந்து மற்ற வார்த்தைகளை ஒரு தரம் சொன்னால் இதைப் பத்துத் தரம் சொன்னேன். இதை மட்டும் துண்டு தெரியாமல், ஒரே மூச்சில், டாக்டர் சொல்வதுபோல் சொல்ல வேண்டும் என்று வைராக்கியம்.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர் முன்னால் வாசித்தேன். இரண்டு பக்கமும் தடங்கல் இல்லாமல் வந்தது. பல்மனாலஜியைச் சொல்லும்போது அவர் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். திங்கட்கிழமை வந்து உட்காருங்கள் என்றார்.

உட்கார்ந்து வேலை செய்வது எப்படிப்பட்டது என்று ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. முதல் இரண்டு நாள் யாராவது பெரிய டாக்டர் வந்தால் நான் எழுந்து ஓரமாக நின்றுவிட்டேன். பக்கத்து டெஸ்க் பெண் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். வேலை நன்றாகவே நடந்தது. வருகிறவர் சீட்டை நீட்டுவார், நான் வாசிப்பேன், மாடியைச் சொல்வேன். வெள்ளிக்கிழமை வரை ஒரு குறை இல்லை. சனிக்கிழமையோடு என் வாரம் முடிகிறது.

சனிக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் ஒரு பெரியவரும் அவர் மகனும் வந்தார்கள். பெரியவருக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தார். மகன் அவரை என் டெஸ்க்குக்கு முன்னால் விட்டுவிட்டு பில் கட்டுகிற வரிசைக்கு ஓடினார். பெரியவர் சீட்டை நீட்டி, "இத்த எங்கம்மா பாக்குறாங்கோ?" என்றார். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"எந்த ஊருங்க?"

"கோரமண்டல்மா. மைன்ஸ்ல வேல செஞ்சி ரிட்டயர்டு. நீ?"

"சாம்பியன்."

அவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம லைனு பொண்ணு, இங்க வந்து சேர்ல குந்திகினு கீது பாரு" என்றார். அதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு பேர் கேட்கும்படி அவர் சொல்லியிருக்கிறார். லைன் வீட்டுப் பெண் என்ன செய்வாள் என்று இவருக்குக் காட்ட வேண்டும். சீட்டை வாங்கினேன். என் வார்த்தையே எழுதியிருந்தது. ஒரே மூச்சில், இங்கிலீஷ்காரி மாதிரி, "பல்மனாலஜி. லிஃப்ட்ல த்ரீ" என்று சொல்லி லிஃப்ட் பக்கம் கையைக் காட்டினேன். பெரியவர் அசந்துபோய்ப் பார்த்தார். "மூணா? சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு நடந்தார். நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

இருபது நிமிஷம் கழித்து மகன் மூச்சிரைக்க வந்தார். மூன்றாவது மாடியில் அப்பா இல்லை. பெயர் கூப்பிட்டுவிட்டார்கள், ஆள் இல்லை. போன் அவர் கையில் கிடையாது. செக்யூரிட்டி மூன்றாவது மாடி முழுக்கத் தேடினார், நாலாவது, ஐந்தாவது தேடினார், பாத்ரூம், கேன்டீன் எல்லாம் பார்த்தார். மூச்சு வாங்குகிற மனுஷன், எங்காவது விழுந்துவிட்டாரோ என்று மகன் கத்த ஆரம்பித்தார். சூப்பர்வைசர் வந்துவிட்டார். யார் வழி சொன்னது என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். என் வாரமும் நாற்காலியும் அந்தப் பார்வையில் போய்விட்டதென்று நினைத்தேன். அதைவிட, அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் எந்த முகத்தோடு ஊருக்குப் போவேன்?

"மூணா?" என்று அவர் கேட்டதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சின்ன வயதில் நாங்கள் லைனில் விளையாடிய ஒரு ஆட்டம் ஞாபகம் வந்தது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். ஆட்டத்துக்கும் அதே பெயர். நாலு பேர் தோளோடு தோள் சேர்ந்து கேஜாக நிற்போம். ஒருத்தி எண் சொல்வாள். ஒன்று என்றால் கொஞ்சம் குனிய வேண்டும், இரண்டு என்றால் முட்டி மடக்க வேண்டும், மூன்று என்றால் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எண் கூடக் கூட ஆழம் கூடும். கேஜில் ஏறி மூன்று என்றால் எந்த மனுஷனாவது மேலே போவானா?

எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட் பட்டன்களில் மேலே போக ஒரு மூன்று, கீழே போக ஒரு மூன்று. கீழே இருப்பது கார் நிறுத்துகிற அடித்தளம். நான் எழுந்து ஓடினேன். சூப்பர்வைசர் பின்னாலேயே வந்தார்.

கதவு திறந்ததும் வரிசையாகக் கார்கள். இரண்டு தூண் தள்ளி, டிரைவர்கள் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியில், சீட்டை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் நேராக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையசைத்தார்.

"வாம்மா. இன்னாடா இது, ஒரே காரா கீதேன்னு பாத்தேன். சரி, டாக்டருங்க காரு போலக்கீது, வருவாங்கோன்னு குந்திகினேன்."

"ஏங்க இங்க எறங்கினீங்க?" என்று கேட்டேன்.

"நீதானம்மா மூணுன்னு சொன்ன? நான் மைன்ஸ்ல நூறாவது லெவல் வரிக்கும் எறங்கினவன். மூணெல்லாம் ஒரு எறக்கமா?"

"ஆளே இல்லாத எடத்துல பயமா இல்லியா? மேல வந்திருக்கலாமே?"

"தெரியாத எடத்துல அலையக் கூடாதும்மா. வுட்ட எடத்துலயே குந்திகினு இருக்கணும். நம்மாளு வந்துடுவான். அதான் நீ வந்துட்டியே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நம்மாள் என்று என்னைச் சொல்கிறார். அவரை இங்கே கொண்டுவந்து விட்டதே நான்தான். கையைப் பிடித்து லிஃப்டில் ஏற்றினேன். மேலே போகும்போது அவர் மெதுவாகக் கேட்டார், "அது இன்னாம்மா சொன்ன, பல்லுன்னு ஏதோ? எனுக்குப் பல்லு நல்லாத்தான் கீது."

"பல்லு இல்லீங்க. நொரையீரல் டாக்டரு."

"அத்த அப்பவே சொல்றதுதான?" என்றார். கோபமே இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. இத்தனை பாடுபட்டு நான் அந்த வார்த்தையை வெட்டிப் பிரித்தது என்னை மாதிரி போர்டு முன்னால் திகைத்து நிற்கிறவர்களுக்காக. கிடைத்த முதல் ஆளிடமே அதைத் திரும்ப ஒட்டி, முழுசாகத் தூக்கி எறிந்திருக்கிறேன்.

அவரை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தபிறகு சூப்பர்வைசர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "ஹேகே கொத்தாய்த்து?" என்றார். பெரியவர் கீழேதான் இருப்பார் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார். கேஜைச் சொன்னேன். எண்ணையும் ஆழத்தையும் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம், ஆனால் மனசு கேட்கவில்லை. "தப்பு அவரோடது இல்ல மேடம். எங்க ஊர் ஆள்னு தெரிஞ்சும் நான் பெருமைக்கு இங்கிலீஷ்ல சொன்னேன். நுரையீரல், மேல மூணாவது மாடின்னு சொல்லியிருந்தா அவர் மேலதான் போயிருப்பார்" என்று கன்னடத்தில் சொல்லி முடித்தேன்.

அவர் என் கையிலிருந்த தாளை வாங்கிப் புரட்டினார். பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பல்மனாலஜிக்குப் பக்கத்தில் நான் தமிழில் அப்பா என்று எழுதியிருந்தேன். அது என்ன என்று விரல் வைத்துக் கேட்டார். சொன்னேன்.

"எல்லா வார்த்தைக்கும் பக்கத்தில் கன்னடத்தில், தமிழில், தெலுங்கில் அர்த்தம் எழுதிக் கொடுங்கள். டெஸ்க்கில் ஒட்டிவிடலாம்" என்றார். சரி என்றேன். என் இடத்துக்கு வரப்போகிறவளுக்கு உதவும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். கதவுக்கு அருகில் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "திங்கட்கிழமை வீட்டிலிருந்து ஒரு குஷன் கொண்டுவாருங்கள். அந்த நாற்காலி ரொம்ப நாளைக்கு உட்காரக் கடினம்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. வெளியே வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் இருதயம் ஐந்தாவது மாடி, தோல் இரண்டாவது மாடி, மேலே போங்கள், மேலே போங்கள் என்று ஷிஃப்ட் முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மாலை ரயிலில் என் சிநேகிதி துப்பட்டாவைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். என் காலைப் பற்றி அவளுக்குத் தெரியும். "குந்துக்கா" என்றாள்.

"வேணாம்மா. காலையிலேர்ந்து குந்திக் குந்தி இடுப்பு நோவுது" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் புரிந்துகொண்டு என் கையைப் பிடித்து அழுத்தினாள். மாலூர் வரை நின்றுகொண்டே வந்தேன். அதற்குள் இன்னும் மூன்று பேர் உட்காரச் சொன்னார்கள், மூன்று பேரிடமும் அதையே சொன்னேன்.